மின்கிற்றாரும் தொனிச் சமநிலையும்



நரம்புக் கருவிகளுக்கு உடல் உண்டு. அவ்வுடலே அவற்றின் குரலை ஆக்குகின்றது. வீணையின் குடமும், வயலினின் கூடும், சாதாரணக் கிற்றாரின் உள்ளீடற்ற பெட்டியும் தந்தியின் மெல்லிய அதிர்வை வாங்கிப் பெருக்கி அவைக்கு அளிக்கின்றன. மின்கிற்றாருக்கோ பெரும்பாலும் அத்தகைய பெட்டி இல்லை. திண்ணிய மரப் பலகையே அதன் உடல். மின்னிணைப்பின்றி மீட்டினால் அதன் ஓசை அடுத்த அறையைக்கூட எட்டாது. அவையோர் கேட்கும் குரல் காந்தத்திலும் கம்பிச் சுருளிலும் பிறந்து, வடத்தின் வழியே நடந்து, சில கருவிகளுட் புகுந்து, இறுதியில் ஒலிபெருக்கியிலேயே வாய் திறக்கின்றது.

இவ்வழியின் நடுவே இன்று ஒரு சிறு கணினி அமர்ந்திருக்கின்றது. காலால் மிதித்து இயக்கத்தக்க இப்பெட்டியை இளைஞர்கள் ‘புரொசெசர்’ என்று சுருக்கமாக அழைப்பர். கிற்றாரின் மின்குறியை எண்களாக மாற்றி, அவ்வெண்களைக் கணித்து, எதிரொலி, முழக்கம், கரகரப்பு முதலிய விளைவுகளை உண்டாக்கி மீண்டும் ஒலியாக வெளிவிடுவது அதன் தொழில். ஒரு கிற்றாரை இணைத்து இப்பெட்டியில் அழகுற அமைத்த தொனி, வேறொரு கிற்றாரை இணைத்ததும் சிதைந்துவிடுவது ஏன்? அதனைச் சமன்செய்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

இது வாத்தியக்காரரின் தனிக் கவலையென்று தள்ளிவிடத்தக்கதன்று. பாடசாலைக் கலைவிழாக்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருபவன் யான். மேடையில் இருப்பது ஒரே புரொசெசர். மாணவர்களோ தத்தம் கிற்றார்களுடன் ஒருவர் பின் ஒருவராக வருவர். முன்னே வந்தவனின் கருவி வலிமையான குறியைத் தருவது. அதற்கேற்பவே பெட்டியின் குமிழ்கள் திருப்பப்பட்டிருக்கும். பின்னே வருபவனின் கருவி மெல்லிய குறியைத் தருவது. அவன் மீட்டும்போது ஓசை தேய்ந்து ஒலிக்கும். “இந்தப் பிள்ளைக்குக் கையிலே பலமில்லை” என்று சபையிலே பேச்சு எழும். கையிலே குறையில்லை, இணைப்பிலேதான் குறை. ஒருவரின் திறமை குறித்து அவை வழங்கும் தீர்ப்பு ஒரு குமிழின் நிலையினால் பிழைத்துப்போகுமாயின், அக்குமிழைப் பற்றி அறிந்துகொள்வது நம் கடமையாகின்றது.

முதலில் கிற்றார்கள் தம்முள் வேறுபடுவதன் காரணத்தை நோக்குவோம். காந்தப் புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டம் தூண்டப்படும் என்பதை 1831 ஆம் ஆண்டில் மைக்கல் பரடே கண்டறிந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின், அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம் என்பார் இத்தத்துவத்தைக் கிற்றாரின் உருக்குத் தந்திகளுக்குப் பயன்படுத்தினார். அவர் வகுத்த கருவி 1932 இல் றிக்கன்பக்கர் என்பாரின் கூட்டுறவுடன் விற்பனைக்கு வந்தது. 1937 இல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது. தந்தியின் கீழே காந்தமும், அதனைச் சுற்றி மயிரிழை போன்ற செப்புக் கம்பியின் பல்லாயிரம் சுற்றுக்களும் அமைந்த இவ்வுறுப்பையே ‘பிக்கப்’ என்பர். கருநாடக இசைக்கும் இவ்வுறுப்பு அந்நியமானதன்று. 2014 இல் மறைந்த மன்டலின் ஸ்ரீநிவாஸ் அவர்கள் இராகங்களை வாசித்ததும் மின் மன்டலினிலேயே என்பதை நேயர்கள் நினைவுகூரலாம்.

பிக்கப்புகளில் இருபெரும் வகைகள் உள. ஒற்றைச் சுருள் கொண்டது ஒருவகை. 1954 இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிற்றாரில் இத்தகைய மூன்று பிக்கப்புகள் பொருத்தப்பட்டன. இவ்வகையின் தொனி தெளிவானது. மணியோசை போன்ற மேற்றொனிகள் நிறைந்தது. ஆனால், அருகிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் அச்சுருள் வாங்கிக்கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முழுச் சுற்றுக்களாக அலைவது. ஆதலின், 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளுமான ஒரு முணுமுணுப்பு ஓயாது பின்னணியில் ஒலிக்கும்.

இம்முணுமுணுப்பை ஒழிக்கும் பொருட்டு கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய செத் லவர் என்னும் பொறியியலாளர் 1955 இல் இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றை ஆக்கிக் காப்புரிமை கோரினார். இரண்டு சுருள்களும் ஒன்றுக்கொன்று எதிர்முறையில் இணைக்கப்பட்டன. அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிர்த் துருவங்களைத் தந்தியின் பக்கம் காட்டின. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தோன்றி ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் குறியோ இரண்டிலும் ஒருதிசைப்பட்டுக் கூடிப் பெருகிற்று. இரைச்சலை முறியடிப்பது என்னும் பொருள்பட இதனை ‘ஹம்பக்கர்’ என்று அழைத்தனர். 1957 முதல் கிப்சனின் லெஸ் போல் கிற்றார்களில் இது இடம்பெற்றது. இதன் குறி வலியது, தொனி தடித்தது. தந்தியை ஈரிடங்களில் ஒருங்கே தொட்டுணர்வதாலும், சுருள்களின் தூண்டுதிறன் மிகுதியாலும் மிக உயர்ந்த மேற்றொனிகள் சில இதில் மங்கிவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் தந்தியின் அதிரும் நீளம் 25.5 அங்குலம், லெஸ் போலில் ஏறக்குறைய 24.75 அங்குலம். ஒரே பருமனுள்ள தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்ற வேண்டுமாயின் நீளமானதைக் கூடுதலாக இழுத்துக் கட்டவேண்டும். இறுக்கம் மாறத் தொனியும் மாறும். ஒற்றைச் சுருள் கிற்றார்களில் 250 கிலோஓம் தடையுள்ள குமிழ்களும், ஹம்பக்கர் கிற்றார்களில் 500 கிலோஓம் குமிழ்களும் பொருத்துவது பெருவழக்கு. தடை குறையக் கூர்மை சற்றுத் தணியும். இன்னும் சில கிற்றார்கள் 9 வோல்ற்று மின்கலத்தைத் தம்முள் வைத்துக் குறியை முன்னரே பெருக்கி அனுப்புகின்றன. ஆகவே, உரப்பினாலும் பண்பினாலும் கிற்றார்கள் வேறுபடுவது அவற்றின் பிறவி இயல்பு.

இனிப் பெட்டியினுள் நுழைவோம். வட்டமாக அலைந்துவரும் மின்குறியைப் புரொசெசர் செக்கனுக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. அவ்வெண்கள் வரிசையாக அமைந்த பல கட்டங்களினூடே செல்கின்றன. இரைச்சலை அடைக்கும் வாயில், ஏற்ற இறக்கத்தை ஒடுக்கும் கட்டம், திரிபை உண்டாக்கும் கட்டம், பழைய வால்வு அம்பிளிபையர்களைப் போன்று ஒலிக்கச் செய்யும் கட்டம், மேலொலி கீழொலிகளைத் திருத்தும் ஈக்குவலைசர், எதிரொலி, முழக்கம் என்பன அவற்றுட் சில. அம்பிளிபையர்களின் இயல்பைக் கணிதத்தால் போலச்செய்யும் இம்முறையை 1998 இல் லைன் 6 என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட ‘பொட்’ என்ற சிறுகருவி பரவலாக அறிமுகப்படுத்தியது.

இக்கட்டங்களுள் நம் கவனத்தை மிகவும் வேண்டி நிற்பது திரிபை உண்டாக்கும் கட்டமே. ஒரு பாத்திரத்தின் விளிம்புக்கு மேல் நீர் நில்லாதவாறுபோல, ஓர் எல்லைக்கு மேல் எழும் அலைமுடிகளை இக்கட்டம் வெட்டி மட்டமாக்கும். வெட்டுண்ட அலையில் முன்னில்லாத மேற்றொனிகள் புதிதாகப் பிறக்கும். றொக் இசையில் நாம் கேட்கும் கரகரத்த முழக்கம் இதுவே. எவ்வளவு வெட்டுப்படும் என்பது உள்ளே வரும் குறியின் வலிமையைப் பொறுத்தது. இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கின்றது.

எடுத்துக்காட்டாக, ஒரு கிற்றாரின் மின்னழுத்தம் மற்றொன்றினுடையதைப்போல் இருமடங்கு எனக் கொள்வோம். இவ்வேறுபாடு 6 டெசிபல் ஆகும். திரிபற்ற தூய தொனியில் வாசிக்கும்போது வலிய கிற்றார் வெளியேயும் அதே 6 டெசிபல் மிகுந்து கேட்கும். கடுமையான திரிபுத் தொனியில் வாசிக்கும்போதோ, இரண்டின் அலைமுடிகளும் ஒரே எல்லையில் வெட்டப்படுவதால் உரப்பு வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும். ஆனால், வலிய கிற்றாரின் கரகரப்பு மிகுந்து நிற்கும். ஆகவே, பெட்டியின் வெளிவாயிலில் உள்ள குமிழை ஒரு முறை திருப்பி இரண்டையும் சமன்செய்துவிடலாம் என்று எண்ணுவது பயனற்றது. தூய தொனிக்குப் பொருந்திய திருத்தம் திரிபுத் தொனிக்குப் பொருந்தாது. வலிமையைச் சமன்செய்ய வேண்டிய இடம் உள்வாயில். இறுதி உரப்பைச் சமன்செய்ய வேண்டிய இடம் வெளிவாயில். இவ்விரண்டையும் மயக்காதிருத்தல் இத்தொழிலின் முதற்பாடம்.

செய்முறையை இனி வரிசையாகக் கூறுவோம்.

கணினியைத் தொடுமுன் திருப்புளியை எடுப்பது நலம். பிக்கப்புகளின் இருமருங்கும் உள்ள திருகாணிகளால் அவற்றின் உயரத்தை மாற்றலாம். வலிய ஹம்பக்கரைத் தந்தியிலிருந்து சிறிது தாழ்த்தினால் குறி தணியும். தெளிவும் பெரும்பாலும் கூடும். மெல்லிய ஒற்றைச் சுருளைச் சிறிது உயர்த்தலாம். ஆயின், அதனை மிகவும் நெருக்கிவிடலாகாது. அதன் காந்தங்கள் தந்தியைப் பற்றியிழுத்து, சுருதியையே பிசகச் செய்யும். இரண்டு கிற்றார்களிலும் தந்திகள் புதியனவாய் இருத்தல் வேண்டும். பழந்தந்தியின் மழுங்கலைப் பிக்கப்பின் குறையென்று கொள்ளுதல் தவறு. இரண்டையும் ஒரே வடத்தினால் இணைத்துச் சோதித்தலும் வேண்டும். மின்கலம் அற்ற கிற்றாரின் மேலொலிகளை நீண்ட வடம் விழுங்கிவிடும். புரொசெசரில் கிற்றாருக்கென்றே அமைந்த உள்வாயிலைப் பயன்படுத்துதல் இன்றியமையாதது. அது பெரும்பாலும் ஒரு மெகாஓம் அளவான உயர்ந்த தடங்கலை உடையது. தடங்கல் குறைந்த வேறு வாயிலில் இணைத்தால் தொனி மந்தமாகிவிடும்.

அடுத்து, கிற்றார்களுள் ஒன்றை அளவுகோலாகக் கொள்க. மிகுதியாக வாசிக்கப்படுவது எதுவோ அதுவே அதற்கு உரியது. அதனை இணைத்து, எல்லா விளைவுகளையும் நிறுத்தி, தந்திகள் அனைத்தையும் வன்மையாக மீட்டுக. உள்வாயிலில் சிவப்பு விளக்கு எரியுமாயின் குறியைக் குறைக்கவேண்டும். எண்களாக மாற்றும் இடத்தில் எல்லை கடந்த ஒலி வெட்டுப்படுமாயின், அவ்விடத்துப் பிறக்கும் திரிபு செவிக்கு இனியதன்று. பின்வரும் எந்தக் கட்டமும் அதனைத் திருத்தவும் மாட்டாது. உள்வாயிலைச் சரிசெய்த பின்னர், இவ்வளவுகோற் கிற்றாரைக்கொண்டே தொனிகள் அனைத்தையும் அமைத்துச் சேமித்துக்கொள்க.

பின்பு இரண்டாவது கிற்றாரை இணைக்க. அமைத்துவைத்த தொனிகளில் ஒன்றையும் மாற்றவேண்டாம். கட்டங்களின் வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னே, குறியைப் பெருக்கவும் சிறுக்கவும் வல்ல ஒரு கட்டத்தையும் ஓர் ஈக்குவலைசரையும் அக்கிற்றாருக்கென்று வைக்க. தூய தொனியில் ஒரே இசைத்தொடரை இரு கிற்றார்களிலும் மாறிமாறி வாசித்து, உரப்பு ஒத்துவரும்வரை அப்பெருக்கத்தை மாற்றுக. சில டெசிபல் மாற்றமே பெரும்பாலும் போதியதாகும். உரப்பு ஒத்த பின்னரே தொனியை ஒப்பிடவேண்டும். ஏனெனில், சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென்று மயங்கும் இயல்புடையது. வாசிப்பின் வேறுபாட்டை விலக்க விரும்புவோர், ஒவ்வொரு கிற்றாரின் தூய குறியையும் பதிவுசெய்து, அப்பதிவுகளை மாற்றி மாற்றிக் கேட்டு முடிவுசெய்யலாம்.

ஈக்குவலைசரைக் கையாளும்போது கிற்றாரின் மீடிறன் எல்லைகளை மனத்திற் கொள்க. அதன் தடித்த தந்தி திறந்த நிலையில் ஏறத்தாழ 82 ஹேர்ட்ஸிலும், மெல்லிய தந்தி 330 ஹேர்ட்ஸிலும் அதிர்கின்றன. ஆயினும், தெளிவைத் தருவன 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள மேற்றொனிகளே. ஹம்பக்கர் மந்தமாகத் தோன்றின், முதலில் 100 முதல் 250 ஹேர்ட்ஸ் வரையுள்ள தடிப்பைச் சிறிது குறைத்துப் பார்க்க. கூட்டுவதற்கு முன் குறைத்துப் பார்ப்பதே அறிவுடைமை. மேலொலிகளை அளவுக்கு மீறிக் கூட்டினால் இரைச்சலும் உடன் கூடும். ஒற்றைச் சுருள் மெலிந்து தோன்றின், குறியைச் சற்றுப் பெருக்கி, உறுத்தும் மேலொலியைச் சிறிது தணிக்க.

இரைச்சலை அடைக்கும் வாயிலையும் மறத்தலாகாது. ஹம்பக்கருக்கென அமைத்த வாயில் ஒற்றைச் சுருளின் முணுமுணுப்பைத் தடுக்கப் போதாது. அதனைத் தடுக்கும் பொருட்டு வாயிலை இறுக்கினால், நீண்டு தேயும் சுரத்தின் கடைசி மூச்சு நெரிபட்டு அறுந்துவிடும். ஆதலின் ஒவ்வொரு கிற்றாருக்கும் இவ்வாயிலைத் தனித்தனியே அமைத்தல் நன்று. எல்லாம் முடிந்தபின், ஒவ்வொரு தொனியையும் இரு கிற்றார்களிலும் வாசித்து, இறுதி உரப்பை வெளிவாயிலில் ஒப்பிட்டுக்கொள்க.

இத்துணையும் செய்த பின்னர் ஒரு கிற்றார் மற்றொன்றாகவே மாறிவிடுமோ எனின், மாறாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஈக்குவலைசர் உள்ளதைக் கூட்டும், குறைக்கும், இல்லாததை ஆக்காது. ஹம்பக்கரில் ஈரிடத் தொடுகையால் அழிந்துபோன மேற்றொனியை எத்துணை பெருக்கினும் அது மீளாது. ஒற்றைச் சுருளின் கூர்மையான தொடக்க ஒலியை முற்றாக மறைக்க முயன்றால் அதன் உயிரே போய்விடும். சமன்செய்தல் என்பது ஒன்றாக்குதல் அன்று. மிருதங்கக்காரர் தம் கருவியைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்கிறார். அதனால் மிருதங்கம் மிருதங்கமாகவே நிற்கின்றது, கச்சேரியும் ஒன்றுபடுகின்றது. கிற்றார்களையும் அவ்வண்ணமே நடத்துதல் வேண்டும்.

செவியைப் பற்றியும் சில சொல்லவேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933 இல் வெளியிட்ட ஆய்வு, மெல்லிய ஒலியில் மனிதச் செவி கீழொலிகளை மிகக் குறைவாகவே உணர்கின்றது என்பதைக் காட்டியது. வீட்டிலே மெதுவாக ஒலிக்கவிட்டு அமைத்த தொனி மண்டபத்திலே உரத்து ஒலிக்கும்போது குமுறலாக மாறுவது இதனாலேயே. ஆகவே, இறுதித் திருத்தத்தை மேடையின் உரப்பிலேயே செய்யவேண்டும். ஆனால், நெடுநேரம் செய்யலாகாது. 85 டெசிபல் உரப்பில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்பதே அமெரிக்கத் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை. 3 டெசிபல் கூடுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும். இளமையில் இழந்த செவிப்புலன் முதுமையில் மீளாது. சிறிது நேரம் கேட்டுத் திருத்தி, சிறிது நேரம் செவிக்கு ஓய்வளித்து, மீண்டும் தொடர்வதே தக்கது. களைத்த செவி கூர்மையை மேலும் மேலும் வேண்டும். அது கூறும் தீர்ப்பு நம்பத்தக்கதன்று.

தனியே கேட்டுத் தீர்மானிப்பதும் முடிவன்று. தனித்து ஒலிக்கையில் நிறைவாகத் தோன்றும் தடித்த தொனி, குழுவினுள்ளே பேஸ் கிற்றாருடன் மோதிக் கலங்கும். மெலிந்ததாகத் தோன்றியது பாடகரின் குரலுக்கு இடம்விட்டு இனிது நிற்கும். வாசிப்பவர் தம் காலடியில் உள்ள ஒலிபெருக்கியை மட்டும் கேட்கிறார். மண்டபத்தின் கடைசி வரிசையில் இருப்பவர் முழுமையையும் கேட்கிறார். ஆதலின், ஒத்திகையின்போது நண்பர் ஒருவரைப் பின்வரிசையில் அமர்த்தி, கிற்றார்களை மாற்றி வாசித்து, பாடகரின் சொற்கள் இரண்டு வேளையிலும் ஒரே தெளிவுடன் கேட்கின்றனவா என்று அவரை வினவுக. கேட்கின்றன என்று அவர் கூறுவாராயின் வேலை முடிந்தது எனலாம்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. ஒரு திருப்புளி, ஒரே வடம், அரைமணி நேரப் பொறுமை, பிறர் செவிக்கு மதிப்பளிக்கும் மனம் ஆகியன இருந்தாற் போதும். பாடசாலைகளிலும் சங்கங்களிலும் மேடை அமைப்போர் நிகழ்ச்சிக்கு முன்னர் இந்த அரைமணியை ஒதுக்குவாராயின், ஏறும் பிள்ளை ஒவ்வொருவருக்கும் உரிய இடம் கிடைக்கும். அதன்பின் அவையோர் தீர்ப்பளிப்பது பிள்ளையின் விரல்களுக்கே அன்றி, அவன் கொணர்ந்த கருவியின் சுருளுக்கு அன்று.